பெண்கள் வார்டில் எத்தனை பேர்

வில்காமார்க்கா
9 மார்ச் 2004

கொமாத்ரே மார்லேனி,

உன்னை இன்னும் அப்படித்தான் கூப்பிடுவேன். என் மகள் நோயெமிக்கு முதல்முடி வெட்டிய கத்தரிக்கோல் உன் கையில்தான் இருந்தது. அந்த ஞானத்தாய் உறவை எந்த மண்டல அலுவலகமும் மாற்றல் உத்தரவு போட்டுப் பிரிக்க முடியாது. ஆனால் இந்தக் கடிதத்தைப் பெண்கள் அறுவை வார்டின் தலைமை நர்ஸாகத்தான் எழுதுகிறேன். நீயும் ஆள் ஒதுக்கீட்டுப் பிரிவின் தலைவியாகவே உட்கார்ந்து படி.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் உன் செயலாளர், "மேடம் கூட்டத்துல இருக்காங்க" என்கிறாள். அதனால்தான் இதை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குக் கூட்டம் எதுவும் இல்லை.

எர்மெலிந்தாவையும் யோவானாவையும் என் வார்டிலிருந்து தூக்கிவிட்டாய். ஏழு நர்ஸ் இருந்தோம், ஐந்தாகிவிட்டோம். கட்டில் மட்டும் அதே இருபத்தெட்டு. இரவில் இரண்டு பேர் நின்ற இடத்தில் இனி ஒருத்தி. உத்தரவில் காரணம் போட்டிருக்கிறாய்: "ஆள் மிகுதி." இதைப் படித்துவிட்டு நர்ஸ் கிளிசேரியா என்னைக் கேட்டாள்: "அக்கா, மிகுதின்னா நம்மளத்தான் சொல்றாங்களா, இல்ல வேற ஊரா?"

ஆய்வுக் குழு வந்தபோது வார்டில் ஒருவருக்கும் படுக்கைப் புண் இல்லை, ஒருவரும் கட்டிலிலிருந்து விழுந்ததில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். பாராட்டின் அர்த்தம் இதுதான் என்று தெரிந்திருந்தால் நாலு பேரைத் தரையில் உருட்டிவிட்டிருப்பேன்.

உத்தரவின் கீழே இருந்தது உன் கையெழுத்து. வேறு யாராவது போட்டிருந்தால் கோபம் மட்டும்தான் வந்திருக்கும். இரண்டு பேரையும் திருப்பி அனுப்பு. நான் கேட்பது நியாயம், எனக்குக் கிடைக்கும்.

செனாய்தா

—

மண்டல அலுவலகம்
17 மார்ச் 2004

கொமாத்ரே,

கோபத்தில்கூட உனக்கு எழுத்து அழகாகத்தான் வருகிறது. நானும் தலைவியாகவே பதில் சொல்கிறேன்.

குழு உன் வார்டுக்கு மதியத்துக்கு மேல் வந்தது. பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. அப்போது நர்ஸ்களைத் தவிர பச்சை ஏப்ரன் கட்டிய பதினான்கு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று அறிக்கையில் இருக்கிறது. ஒருவர் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தார், ஒருவர் சூப் ஊட்டினார், ஒருவர் மூத்திரப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பதினான்கு ஆயாவும் வார்டு பாயும் இந்த மண்டலத்தில் வேறு எந்த வார்டில் இருக்கிறார்கள், சொல். அவர்களையெல்லாம் உன் ஆஸ்பத்திரி டைரக்டர் உள்ளூர் நிதியிலிருந்து அமர்த்தியிருப்பார் என்று குழு எழுதியிருக்கிறது. நானும் நம்பினேன். அவருக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

உன் எர்மெலிந்தாவும் யோவானாவும் இப்போது பச்சிளம் குழந்தைகள் வார்டில் இருக்கிறார்கள். பத்தொன்பது குழந்தைகளுக்கு ஒரே நர்ஸ் இருந்த இடம் அது. அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுத மாட்டேன், உனக்கே தெரியும். எனக்கு மரத்தில் நர்ஸ் காய்ப்பதில்லை. இருக்கிற இடத்திலிருந்து எடுத்து இல்லாத இடத்தில் வைப்பதுதான் என் வேலை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டிருந்தால் அழுகிப்போகும். ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு வழியனுப்பு விழா நடந்ததே, அதில் எல்லோர் முன்னாலும் நீ சொன்னாய்: "மார்லேனி போறா, இனிமே நாற்காலிக்கு மருந்து குடுப்பா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு அழுதேன்.

நோயெமிக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். கை நீளம் சரியாக இருக்கிறதா என்று எழுது.

மார்லேனி

—

வில்காமார்க்கா
24 மார்ச் 2004

மார்லேனி,

ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது. நோயெமி அதைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். நாற்காலியைப் பற்றி நான் சொன்னது வேடிக்கைக்குத்தான், ஆனால் உன்னை அழவைத்தது என்றால் அது வேடிக்கை இல்லை. மன்னித்துவிடு.

இப்போது உட்கார்ந்துகொள். உன் குழு எண்ணிய பதினான்கு பேரும் யார் தெரியுமா? நோயாளிகளின் சொந்தக்காரர்கள்.

நீ இருந்த காலத்திலேயே சொந்தக்காரர்கள் துணைக்கு இருப்பதுண்டு. மணி அடித்ததும் வாட்ச்மேன் அபுந்தியோ எல்லோரையும் வெளியே விரட்டிவிடுவான். யாரை விரட்டக் கூடாது என்று அவனுக்குத் தெரியவேண்டுமே, அதற்காகத்தான் போன வருடம் பழைய ஆபரேஷன் துணிகளை வெட்டி ஏப்ரன் தைத்தோம். கட்டிலுக்கு ஒரு ஏப்ரன். அதைக் கட்டியவர் தங்கலாம், சோப்பு போட்டுக் கை கழுவவேண்டும், நாங்கள் சொல்வதைக் கேட்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மூத்திரப் பாத்திரம் கழுவினார் என்றாயே, அவர் தோன் ஃபொர்த்துனாத்தோ. மேட்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போடுகிறவர். ஏழாம் கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தாள். தினமும் தலைவாரிப் பின்னல் போட்டுவிடுவார், எங்கள் கிளிசேரியாவைவிட நன்றாகப் போடுவார். உன் குழுவின் கண்ணாடிக்காரர் ஒரு அம்மாவிடம் போய்க் கேட்டார்: "எத்தனை நாளா இங்க வேலை செய்றீங்க?" அந்த அம்மா பணிவாகச் சொன்னாள்: "கந்தெலாரியா மாதா திருவிழாவுலேர்ந்து இருக்கேன், சார்." அவர் எழுதிக்கொண்டார். தங்கைக்குத் துணையாக வந்தவள் அவள். அவரைத் திருத்தியிருக்கவேண்டும் என்று உனக்குத் தோன்றும். அந்த நேரம் நான் இருபதாம் கட்டிலில் நரம்பு கிடைக்காமல் ஊசியோடு போராடிக்கொண்டிருந்தேன். கிளிசேரியா சொல்லித்தான் பிறகு தெரிந்தது. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது இரண்டு நர்ஸைக் கொடுத்திருக்கிறோம்.

இதில் அவசரம் என்ன என்று கேட்டால், உனக்குத் தெரியாததில்லை. மே மாதம் கிழங்கு அறுவடை. நிலத்தில் கிழங்கு கிடக்கும்போது எந்தச் சொந்தக்காரனும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டான், உட்கார்ந்தால் வருடம் முழுவதும் பட்டினி. பதினான்கு பேரும் போய்விடுவார்கள். உன் கணக்கில் ஆள் மிகுதியான வார்டில் இரவு இருபத்தெட்டுப் பெண்களோடு ஒரு நர்ஸும் ஒரு ஆயாவும் இருப்பார்கள்.

ஆகவே ஏப்ரல் முடிவதற்குள் திருத்து. தவறு உன் குழுவுடையது, திருத்தும் அதிகாரம் உன்னுடையது. உன்னால் முடியும்.

செனாய்தா

—

மண்டல அலுவலகம்
14 ஏப்ரல் 2004

கொமாத்ரே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

நம்புகிறேன், ஒவ்வொரு வார்த்தையையும். நம்புவது சுலபம். அடுத்தது என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அந்த அறிக்கையை மேலிடத்துக்கு எடுத்துப்போனவள் நான். ஆள் ஒதுக்கீட்டை ஒழுங்குபடுத்தியதற்காக எங்கள் மண்டல டைரக்டர் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். கிழங்குக்காரரை வார்டு பாய் என்று எண்ணிவிட்டோம் என்று இப்போது எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்?

முகம்தான் காரணம் என்று நினைத்துவிடாதே. போன வாரம் குழந்தைகள் வார்டுக்குப் போனேன். யோவானா ஒரு கையில் பால் குழாயையும் இன்னொரு கையில் குழந்தையையும் வைத்துக்கொண்டு நின்றாள். "என்னைத் திருப்பி அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உனக்கு அவளை அனுப்பினால் அந்தக் குழந்தையை யாரிடம் கொடுப்பது? நீயே ஒரு பெயர் சொல், உடனே உத்தரவு போடுகிறேன்.

அறுவடை மூன்று வாரம்தானே. அதுவரை ஆண்கள் வார்டிலிருந்து இரவுக்கு யாரையாவது கேட்டு வாங்கு. சமாளி. நீ எப்போதும் சமாளித்திருக்கிறாய்.

மார்லேனி

—

வில்காமார்க்கா
19 மே 2004

மார்லேனி,

நீ சொன்னபடி சமாளித்தேன். எப்படி என்று கேள்.

ஆண்கள் வார்டிலும் இரவில் ஒரே ஆள்தான், என்னிடம்தான் அவர்கள் ஆள் கடன் கேட்டார்கள். ஏப்ரன்கள் ஆணியில் தொங்குகின்றன. போன செவ்வாய் கிளிசேரியா தனியாக இருந்தாள். பதினாறாம் கட்டிலில் தோன்யா சத்தூர்னினா, அன்று மதியம்தான் கர்ப்பப்பை எடுத்தது. கிளிசேரியா அந்தப் பக்கம் வாந்தி எடுத்தவளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஆயா ரத்த வங்கிக்குப் போயிருந்தாள். சத்தூர்னினாவுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவள் சத்தம் போடவில்லை. செனோரீத்தா கிளிசேரியா ஓடி ஓடிக் களைத்திருக்கிறாளே, தொந்தரவு வேண்டாம் என்று இருந்தாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

பக்கத்துக் கட்டில்காரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஈரத்தை மிதித்தாள். "செனோரீத்தா, இந்தம்மா கட்டில் நனஞ்சிருக்கு, தண்ணி இல்ல இது" என்று கத்தினாள். அந்தத் தாகம் சத்தூர்னினாவைக் காப்பாற்றியது. நானோ நீயோ இல்லை. மறுபடி திறந்து தைத்தார்கள், பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஏழு நர்ஸ் இருபத்தெட்டுக் கட்டிலைப் பார்த்தோம், தலைக்கு நாலு. ஐந்து நர்ஸ் என்றால் இருபது. டிஸ்சார்ஜ் ஆகிக் காலியான கட்டில் ஒவ்வொன்றிலும் மெத்தையைச் சுருட்டினேன். சுருட்டியதை அபுந்தியோவும் நானும் தூக்கிக்கொண்டுபோய் டைரக்டர் அறையில் அடுக்கினோம். எட்டாவதோடு நிறுத்தினோம். மெத்தை இல்லாத கட்டிலில் யாரும் நோயாளியைப் போட முடியாது.

டைரக்டர் காபிக் கோப்பையோடு வந்து வாசலில் நின்றார்.

"என்ன இது?"

"மெத்தை, டாக்டர்."

"அது தெரியுது. என் ரூம்ல எதுக்கு?"

"இது உங்களோட எட்டு நோயாளிங்க. எங்க கைல ஆளில்ல, நீங்களே பாத்துக்கங்க."

"வர்றவங்கள நான் தெருவுல போடவா?"

"அவசரத்துக்கு வர்றவங்களுக்கு இருபதுக்குள்ள எடம் இருக்கு. நாள் குறிச்சு வர்ற ஆபரேஷன தள்ளிப் போடுங்க. பித்தப்பைக் கல்லு ஒரு மாசம் காத்திருக்கும், ரத்தம் காத்திருக்காது."

அறுவை டாக்டர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தள்ளிப்போன பெண்களில் ஒருத்தி என் வீட்டுக்கே வந்து திட்டினாள். அவள் வலி எனக்குத் தெரியும், அதனால் திட்டட்டும் என்று நின்றேன். மெத்தையை மட்டும் திருப்பிப் போடவில்லை, போடமாட்டேன்.

என்னை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி டைரக்டர் உங்களுக்கு எழுதியிருக்கிறார். அந்தக் காகிதம் உன் மேஜைக்குத்தான் வரும். உன் இஷ்டப்படி கையெழுத்துப் போடு. எனக்குப் பயம் இல்லை.

ஒரு பெயர் சொல், உத்தரவு போடுகிறேன் என்றாயே, சொல்கிறேன். குழந்தைகளிடமிருந்து யாரையும் எடுக்க வேண்டாம். என் வார்டுக்கு அனுமதித்த பணியிடம் ஏழு இல்லை, எட்டு. எட்டாவது நர்ஸ் அலுவலக வேலைக்கென்று அயல்பணியில் போயிருக்கிறாள். ஆறு வருடமாக என் வார்டின் பெயரில்தான் சம்பளம் வாங்குகிறாள். புதிதாக ஆள் கேட்டால், "உங்க எடம் காலியா இல்லயே" என்கிறார்கள். அவள் பெயர் மார்லேனி.

செனாய்தா

—

மண்டல அலுவலகம்
2 ஜூன் 2004

கொமாத்ரே,

உன் கடிதம் வந்து நாலு நாள் அதைக் கைப்பையிலேயே சுமந்துகொண்டு திரிந்தேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். நீ அன்றைக்கு உன் அண்ணன் நிலத்தில் கிழங்கு தோண்டப் போயிருந்தாய் என்று பிறகு தெரிந்தது. நல்லதாகப் போயிற்று.

அபுந்தியோவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தலை நரைத்துவிட்டது, சதையும் போட்டுவிட்டது. வாசலில் நிறுத்தினான்.

"யாருக்கும்மா வந்திருக்க? கட்டில் நம்பர் சொல்லு."

வாயில் வந்ததைச் சொன்னேன்: "பதினாறு."

"வா வா. அறுவடைன்னு ஒரு ஈ காக்கா வரல. இந்தா, இதக் கட்டிக்க. கைய நல்லாக் கழுவு, இல்லன்னா தலைமை செனோரீத்தா என் தோல உரிச்சிடும்."

கட்டிக்கொண்டு உள்ளே போனேன். கிளிசேரியா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா, பதினெட்டத் திருப்பணும், இந்தக் கைய புடிங்க" என்றாள். பிடித்தேன். அப்புறம் சாயங்காலம் வரை உட்காரவில்லை. இருபது பேர்தான். இருபத்தெட்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். சத்தூர்னினாவுக்கு மூன்யா இலைத் தேநீர் கொடுத்தேன். அவள் என் கையையே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீ இந்த வேலைய முன்னாடி செஞ்சிருக்க. வுட்டுட்டியா?" ஆமாம் என்றேன். "ஏன்?" என்றாள். காலிக் கோப்பையைக் கழுவ எடுத்துப்போனேன்.

திங்கள் காலை எங்கள் மண்டல டைரக்டரிடம் ஏப்ரன் கதையைச் சொன்னேன். சிரித்தார். "அதுக்கென்ன, யாருக்கும் தெரியாதுல்ல? அந்த மெத்தைக்காரிய நீக்கிட்டு விஷயத்த முடிங்க" என்றார். முடியாது, எண்ணிக்கை தவறு என்று எழுத்தில் கொடுத்தேன். "நம்பிக்கைக்குரிய பதவி இது, மார்லேனி" என்றார். அதன் அர்த்தம் உனக்குத் தெரியும். இன்று, புதன்கிழமையோடு, பதவி போயிற்று.

ஆனால் செவ்வாய்க்கிழமை முழுவதும் அது என்னிடம்தான் இருந்தது. உன்னை நீக்கும் காகிதத்தை நிராகரித்துக் கையெழுத்திட்டேன். பெண்கள் வார்டில் நர்ஸ் தலைக்கு நாலு கட்டில், அதற்கு மேல் திறக்கக் கூடாது என்று ஒரு உத்தரவு போட்டேன். சம்பளம் வாங்காத யாரையும் குழு எண்ணக் கூடாது என்று இன்னொன்று. இரண்டும் பதிவாகிவிட்டன. அடுத்து வருகிறவர் ரத்து செய்யலாம், ஆனால் அதற்கு அவர் காரணம் எழுதவேண்டும்.

அலுவலகப் பதவி போனவர்கள் சொந்தப் பணியிடத்துக்குத் திரும்பவேண்டும் என்பது விதி. நீ இரண்டு பேர் கேட்டாய், என்னால் ஒருத்தியைத்தான் அனுப்ப முடிகிறது. ஐம்பத்தொரு வயது, முழங்கால் சரியில்லை, ஆறு வருடமாக நரம்பில் ஊசி போட்டதில்லை. எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. உனக்குப் போதாது என்றால் சொல்லிவிடு.

மார்லேனி

—

வில்காமார்க்கா
5 ஜூன் 2004

கொமாத்ரே,

இதை பஸ் கிளம்புகிற அவசரத்தில் எழுதுகிறேன், நீண்ட பதிலுக்கு நேரமில்லை.

போதாது. இன்னும் இரண்டு பேர் வேண்டும். அதை நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து கேட்போம், வாங்குவோம். முழங்காலுக்குக் கட்டு போட்டுவிடுகிறேன். ஊசிக்கு என் கை நரம்பை இரண்டு நாள் குத்திப் பழகு. வெட்கப்பட நேரம் கிடைக்காது.

உன் உத்தரவை டைரக்டர் என் கண் முன்னாலேயே இரண்டு முறை படித்தார், பிறகு நீ வருகிற கணக்குக்கு நாலு மெத்தையை அவரே ஆள் விட்டு அனுப்பினார். மற்ற நாலும் அவர் அறையிலேயே இருக்கட்டும், அடுத்த நர்ஸ் வரும்வரை அதில் சாய்ந்துகொள்ளட்டும்.

திங்கள் இரவு உனக்குப் பணி, கிளிசேரியாவோடு. பஸ்ஸைத் தவறவிடாதே. நாலு கட்டிலையும் இன்று காலையே திறந்துவிட்டேன், நாலு பெண்கள் உன் பேரில் படுத்திருக்கிறார்கள்.

செனாய்தா